காத்தாயி சுரண்டிய குழாய்

நான் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த அரசு ஆய்வுக்கூடத்திலிருந்து போன மாதம் ஒரு பெண் போன் செய்தார். வெடிபொருள் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு கையேடு போடுகிறார்களாம். டெட்டனேட்டரைப் பற்றி நான் எழுதித் தர வேண்டுமாம்.

"இப்பல்லாம் மெஷின்ல வச்சா ரெண்டு நிமிஷத்துல பேரு வந்துடுது சார். பசங்களுக்கு அது மேல பயமே இல்லாம போச்சு. நீங்கதான் நல்லா பயமுறுத்தி எழுதணும். உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத கேஸ் ஒண்ணையும் சேத்துக்கங்க சார்."

பயமுறுத்துவதற்கு என்ன, தாராளமாகச் செய்யலாம் என்று ஒப்புக்கொண்டேன். மறக்க முடியாத கேஸ் என்று அவர் கேட்டதில்தான் மாட்டிக்கொண்டேன். அப்படி ஒன்று இருக்கிறது. என் மனைவியிடம்கூட அதை முழுதாகச் சொன்னதில்லை. கையேட்டுக்கு இது ஆகாது என்று திருப்பி அனுப்பினாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். வேறு எங்காவது கொடுத்து அச்சில் வரவழைப்பேன்.

முதலில் பயமுறுத்தும் வேலையை முடித்துவிடுகிறேன். பாறையையும் பழைய கட்டடத்தையும் உடைக்கிற வெடிமருந்து சோம்பேறி. அதைத் தட்டி எழுப்ப வேறு ஒன்று வேண்டும். அதுதான் டெட்டனேட்டர், வேலையாட்கள் கேப்பு என்பார்கள். அந்தக் காலத்துக் கேப்பு ஒரு சின்ன அலுமினியக் குழாய். சுண்டுவிரல் நீளம், பென்சிலைவிட மெல்லிசு. ஒரு முனை மூடியிருக்கும், ஒரு முனை திரி சொருகுவதற்காகத் திறந்திருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் சாம்பல் பூத்த வெள்ளையாக ஏதோ அழுத்தி வைத்திருப்பது தெரியும். அதில் முக்கியமானது லெட் அசைடு என்கிற உப்பு. மற்ற மருந்துகள் பற்றிக்கொள்ளும், எரியும், அப்புறம் வெடிக்கும். இதற்கு அந்த நடுவேலை கிடையாது, தொட்ட கணமே முடிந்துவிடும். சூடு, தட்டல், உரசல், உலர்ந்த நாளில் உடம்பில் சேர்கிற மின்சாரம், எது பட்டாலும் போதும். பட்டாசு நனைந்தால் வீண். இது மாதக்கணக்கில் சேற்றில் கிடந்தாலும், எடுத்துத் துடைத்துக் காயவைத்தால் பழைய குணம் அப்படியே இருக்கும். ஒரு குழாய்க்குள் இருப்பது ஒரு சிட்டிகைதான். அந்தச் சிட்டிகை ஒரு கையைத் தின்றுவிடும்.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுத குடும்பம். கும்பகோணத்தில் வேதியியல் படித்துவிட்டு, சென்னையில் ஆய்வுக்கூட வேலை கிடைத்ததும் ஊரில் எல்லாரும் என்னைப் போலீஸ் என்றே நினைத்தார்கள். மூன்று வருஷம் சோதனைக் குழாய் கழுவினேன் என்று சொன்னால் பயிற்சிக் காலம் முழுவதையும் சொன்னதாகிவிடும்.

எங்கள் பிரிவுத் தலைவர் கிருபாகரன் சார். பியூனிலிருந்து டைரக்டர் வரை எல்லாரையும் நீங்க என்றுதான் அழைப்பார். கேப்பு சம்பந்தப்பட்ட பார்சல் வந்தால் முதலில் கல்யாண மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி டிராயரில் வைப்பார். செருப்பைக் கழற்றுவார். மேஜைக்கு முன்னால் தரையில் ஈரச் சாக்கு விரித்திருக்கும். அதில் நின்று, சுவரோரம் மண்ணில் புதைத்த கம்பியோடு இணைத்திருந்த செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து மனதுக்குள் பத்து எண்ணுவார். நைலான் சட்டை போட்டவர் யாரும் அந்த அறைக்குள் வரக் கூடாது. நான் ஒருமுறை தீபாவளிச் சட்டையோடு வந்தேன். "உங்க சட்டை ரொம்ப நல்லாயிருக்கு, நடராஜன். வராந்தாவுல நின்னு பார்த்துக்கங்க" என்றார்.

இரும்புக் கரண்டி தொடக் கூடாது. அரிசிமணி அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது. எடுத்ததை உடனே நனைத்துவிட வேண்டும். சம்பவம் நடந்த இடத்துக்குப் போனால் அங்கே யார் வீட்டிலும் சாப்பிடக் கூடாது. ரொட்டியும் வாழைப்பழமும் கையோடு கொண்டுபோக வேண்டும். விரலில் ஈயம் ஒட்டியிருக்கும், வயிற்றுக்குள் போகும் என்பதற்காகச் சொல்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன்.

அவருடைய இன்னொரு சட்டம் அறிக்கையைப் பற்றியது. கருத்து என்ற பத்தியில் 'இப்படி நடந்திருக்கலாம்' என்று ஒன்றை எழுதினால், அதே அளவு சாத்தியமுள்ள மற்றதையும் அதே பத்தியில் எழுத வேண்டும். "கோர்ட்டுல இருக்கிறவங்க நாம தர்ற கண்ணாலதான் பார்ப்பாங்க, நடராஜன். ஒத்தக் கண்ணைக் கொடுக்காதீங்க" என்பார்.

கழக ஆட்சி வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். கீழத் தஞ்சையில் கூலித் தகராறு ஓயவில்லை. அறுப்புக்கு அரை மரக்கால் நெல் கூடக் கேட்டால் வெளியூர் ஆளை இறக்குவார்கள்; வெளியூர் ஆள் இறங்கினால் வரப்பில் மறியல்; மறியல் என்றால் போலீஸ் வேன். ஊருக்கு ஊர் கொடிக்கம்பமும் வழக்கும் இருந்தன. அப்படி ஓர் ஊரிலிருந்துதான் அந்த பார்சல் வந்தது. ஊர் பெயரை எழுதவில்லை. திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வைகாசி மாதம். மேட்டூரில் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் வாய்க்கால் தூர் வாரும் வேலை. மண் வெட்டிக்கொண்டிருந்த கூட்டத்தில் காத்தாயி என்கிற பெண், மத்தியான ஓய்வில் கரையில் உட்கார்ந்திருந்தபோது கையில் ஒரு கேப்பு வெடித்தது. அவள் புருஷன் பக்கிரி, கூலித் தகராறில் முன்னால் நின்றவன். அவன் வெடிகுண்டு செய்வதற்காகக் கேப்பைப் பதுக்கி வைக்கப் பெண்டாட்டியிடம் கொடுத்தான், இடம் மாற்றும்போது வெடித்துவிட்டது என்று போலீஸ் அவனைப் பிடித்துவிட்டது.

கிருபாகரன் சாரின் மனைவிக்கு ஆபரேஷன். அவர் ஒரு மாதம் லீவு. முதல்முறையாக நான் தனியாகப் போனேன். எனக்கு இருபத்தெட்டு வயது. ரயிலில் கூட உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் நான் எதற்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறது.

முதலில் ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு போலீஸ்காரர். காத்தாயிக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். இடது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இல்லை. வலது உள்ளங்கையிலும் முகவாயிலும் ஊசி குத்தின மாதிரி பொடிப் பொடிக் காயங்கள். இடது கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் முகத்துக்கு நேரே ஏதோ செய்திருக்கிறாள் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"என்ன நடந்துச்சு, சொல்லும்மா" என்றேன்.

"எத்தன பேருக்குய்யா சொல்றது? யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

"நான் போலீஸ் இல்ல. சொல்லு."

"மண்ணு வெட்டுறப்ப வந்துச்சுங்க. மாத்திரக் கொழாயி மாதிரி இருந்துச்சு. உள்ளாற பாத்தா சுண்ணாம்பு காஞ்சு கெடக்கு. எவளோ தொலச்சிட்டா, நமக்கு ஆச்சுன்னு முந்தானையில தொடச்சு கரையில காயவச்சேன். எங்கிட்ட கொழாயி இல்லய்யா. சருகுலதான் சுண்ணாம்ப மடிச்சு வச்சிருக்கேன், அது வெயில்ல காஞ்சு காஞ்சு போவுது. கஞ்சி குடிச்சிட்டு வெத்தல போடலாம்னு உக்காந்து, காஞ்சத எடுத்துட்டுப் புதுசு வைக்கலாம்னு கொண்ட ஊசியால சுரண்டுனேன். அவ்வளவுதாங்க தெரியும்."

எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அந்தக் காலத்தில் சில மாத்திரைகள் அலுமினியக் குழாயில் வரும். காலிக் குழாயைக் கம்பவுண்டரிடம் கேட்டு வாங்கி, அதில் சுண்ணாம்பு அடைத்து மடியில் செருகிக்கொள்வது எங்கள் பக்கத்தில் நடவு நடுகிற பெண்களுக்கு வழக்கம். வசதியான வீட்டில் பித்தளைக் கரண்டகம் இருக்கும். வயலில் இறங்குகிறவளுக்கு மாத்திரைக் குழாய். எங்கள் வயலில் நட்ட பெண்கள் ஒரே குழாயை வரிசையாகக் கைமாற்றிக்கொள்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். காய்ந்துபோனால் கொண்டை ஊசியால்தான் சுரண்டுவார்கள். சென்னையில் பிறந்து வளர்ந்த ஆபீசர் யாராவது போயிருந்தால் அவள் சொன்னது புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது.

"அவரு ஒண்ணுமே பண்ணலங்க. அவருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. நீங்களாச்சும் சொல்லுங்கய்யா" என்றாள்.

"சொல்றேம்மா. எழுதறேன். கோர்ட்டுலயும் வந்து சொல்றேன்" என்றேன். இந்த வார்த்தைகளை நான் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

அங்கிருந்து இன்ஸ்பெக்டரின் ஜீப்பில் ஊருக்குப் போனேன். வாய்க்கால் கரையில் பூவரச மரத்தடியைக் காட்டினார்கள். மண்ணைச் சலித்து அலுமினியச் சில்லுகள் ஏழு எடுத்தேன். வளைந்த கொண்டை ஊசி ஒன்று கிடைத்தது, நுனி கறுத்திருந்தது. அவளுடைய சுருக்குப் பையில் நாலு வெற்றிலை, பாக்கு, சருகில் மடித்த சுண்ணாம்பு. எல்லாவற்றையும் தனித்தனியாகக் கட்டி எண் போட்டேன். அங்கிருந்து கிழக்கே பார்த்தால் கூப்பிடு தூரத்தில் பழைய மதகை உடைத்துப் புது ரெகுலேட்டர் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெடி வைத்து உடைத்த கருங்கல்லும் காரையும் குவிந்து கிடந்தன. கேப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

"யாரு காண்ட்ராக்ட்?" என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன்.

"நம்ம மிராசுதாரோட மச்சினர்தான். வாங்க சார், அவங்க வீட்லதான் சாப்பாடு சொல்லியிருக்கு."

ஊருக்கு வருகிற ஆபீசர் பெரிய வீட்டில் சாப்பிடுவது அங்கே எழுதாத சட்டம். தாசில்தார் சாப்பிடுவார், இன்ஜினியர் சாப்பிடுவார், இன்ஸ்பெக்டர் சாப்பிடுவார். என் ரொட்டியும் வாழைப்பழமும் ஜீப்பிலேயே இருந்தன. பை எடுக்கட்டுமா என்று டிரைவர் கேட்டார், வேண்டாம் என்றேன். பசி ஒரு காரணம். என்னையும் ஓர் ஆபீசராக மதித்துக் கூப்பிட்டார்களே என்பது அதைவிடப் பெரிய காரணம்.

தலைவாழை இலை. விரால் மீன் குழம்பு, கெட்டித் தயிர். மிராசுதார் தானே பக்கத்தில் நின்று பரிமாறச் சொன்னார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

சொன்னேன்.

"அட, நம்ம பிள்ளை! உங்க ஊரு கோயில் தர்மகர்த்தா நமக்கு சம்பந்திதான். அப்பா கோயில் நிலம்தானே பார்க்கறாங்க? நான் விசாரிச்சேன்னு அப்பாகிட்ட சொல்லுங்க."

எதிர் இலையில் உட்கார்ந்திருந்த காண்ட்ராக்டர், யாரும் கேட்காமலேயே, "என் ஸ்டோர்ல ஒரு கேப்புகூடக் கொறையல தம்பி" என்றார்.

மிராசுதார் அவரை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க பார்த்ததை எழுதுங்க. நாங்க உங்ககிட்ட ஒண்ணும் சொல்லப் போறதில்ல. சாப்பிடுங்க. அந்த மீனை இன்னும் ஒரு துண்டு வைய்யா."

நிஜமாகவே அவர்கள் எதுவும் சொல்லவில்லை. ஒரு கவர் நீட்டியிருந்தாலாவது எனக்குக் கோபம் வந்திருக்கும். நான் இன்னொரு துண்டு மீன் சாப்பிட்டேன். இப்போது எழுதும்போதுகூட அது ருசியாக இருந்தது என்பதை மறைக்க முடியவில்லை.

சென்னைக்கு வந்து சோதனை எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். செம்புத் தகட்டில் கை வைத்தேன், பத்து எண்ணினேன். சில்லுகளில் அசைடு. கொண்டை ஊசி நுனியில் ஈயம். சருகில் இருந்தது வெறும் சுண்ணாம்பு. பென்சிலால் அறிக்கை எழுதினேன். கருத்துப் பத்தியில் முதலில் இரண்டு வாக்கியம் இருந்தது. ஒன்று, வெடிகுண்டு தயாரிப்பதற்காகக் கேப்பைக் கையாளும்போது இந்த விபத்து நடந்திருக்கலாம் என்பது. இரண்டாவது, கீழே கிடந்த கேப்பை இன்னதென்று அறியாமல் எடுத்து, அதனுள் இருந்ததைச் சுண்ணாம்பு என்று எண்ணிக் கொண்டை ஊசியால் சுரண்டியதாலும் நடந்திருக்கலாம், காயங்களும் ஊசியின் நிலையும் இதற்குப் பொருந்துகின்றன என்பது.

அந்த இரண்டாவது வாக்கியத்தை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதினால் கேப்பு யாருடையது என்ற கேள்வி வரும், மச்சினர் பெயர் வரும், மிராசுதாருக்கு முகம் சுருங்கும், தர்மகர்த்தா அப்பாவைக் கூப்பிட்டு அனுப்புவார். இது வேதியியல் இல்லை, கதை. கதை எழுத நமக்குச் சம்பளம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ரப்பரை எடுத்து அழித்தேன். மீதியை டைப் அடிக்கக் கொடுத்து, பிரிவுத் தலைவருக்காக என்று போட்டுக் கையெழுத்திட்டேன். அப்பாவுக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ரொம்ப நாள் முயன்றேன். அப்பா கேட்டிருந்தால் எழுது என்றுதான் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

கிருபாகரன் சார் லீவு முடிந்து வந்ததும் ஆபீஸ் காப்பிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். என்னைக் கூப்பிட்டார்.

"ஒத்த வாக்கியம்தான் இருக்கு?"

"வேற ஒண்ணும் தோணல சார்."

"இந்தக் கொண்டை ஊசி எப்படி வந்தது?"

ஒரு பேச்சில் எல்லாவற்றையும் சரிசெய்திருக்கலாம். கூடுதல் அறிக்கை அனுப்ப அவருக்கு அதிகாரம் இருந்தது, அனுப்பக்கூடிய மனுஷரும்கூட. எனக்கு ஆபீஸில் ஒரு மெமோ வந்திருக்கும், அவ்வளவுதான்.

"தலையிலேருந்து விழுந்திருக்கு சார். வெடிச்ச இடத்துல கிடந்ததால ஈயம் பட்டிருக்கு" என்றேன்.

அவர் என்னை நம்பினார். அவர் யாரையும் நம்புகிறவர். நான் அந்த மேஜையை விட்டு வரும்போது தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

எட்டு மாதம் கழித்துக் கோர்ட். காத்தாயியும் சாட்சி என்பதால் வெளியே வராந்தாவில் உட்காரவைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து, மிச்சமிருந்த இரண்டு விரலோடு அந்தக் கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன். கூண்டில் பக்கிரி நின்றான். நான் நினைத்ததைவிடச் சின்னப் பையனாக இருந்தான்.

விசாரணை முக்கால்வாசி இங்கிலீஷில். அறிக்கையில் இருந்ததைச் சொன்னேன். பக்கிரியின் வக்கீல் சின்ன வயது, விவசாயக் கூலிகள் சங்கத்துக்காக வந்தவர், பாவம், வெடிபொருளைப் பற்றி எதுவும் தெரியவில்லை. "இந்த மாதிரி கேப்பை காண்ட்ராக்டர்களும் பயன்படுத்துவாங்க இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன். அடுத்து ஊசியைக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் என்னை நானே தேற்றிக்கொண்டேன். அந்தத் தேறுதலுக்கும் இடமில்லாமல் ஒன்று நடந்தது. நான் இறங்கப் போகும்போது ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் தமிழில் கேட்டார்.

"நிபுணர்னு வந்திருக்கீங்க. வேற ஏதாவது சொல்லணும்னு நினைக்கிறீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

காத்தாயி தன் முறை வந்தபோது சுண்ணாம்புக் கதையைச் சொன்னாளாம். புருஷனைக் காப்பாற்றப் பெண்டாட்டி சொல்வது, அறிவியல் சான்று எதுவும் அதை ஆதரிக்கவில்லை என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. அறிவியல் சான்று என்றால் நான். பக்கிரிக்கு இரண்டு வருஷம். அவன் உள்ளே போன கொஞ்ச நாளில் பண்ணை மனையில் இருந்த அவர்கள் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். இடது கையில் மூன்று விரல் இல்லாதவள் நாற்று முடியைப் பிடிக்க முடியாது. கதிரைக் கொத்தாகப் பிடிக்க முடியாவிட்டால் வலது கையில் அரிவாள் இருந்தும் பிரயோஜனமில்லை. இரண்டு வருஷம் அவள் எப்படிச் சாப்பிட்டாள் என்று நான் யாரையும் விசாரிக்கவில்லை.

நான் மேலே மேலே வந்தேன். போலீஸ் பயிற்சிக்கு வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள். எனக்கு நன்றாகப் பேச வரும். உரசல் என்ற தலைப்பு வந்தால், "தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பெண், கேப்பைச் சுண்ணாம்புக் குழாய்னு நினைச்சு கொண்டை ஊசியால சுரண்டினா" என்று ஆரம்பிப்பேன். வெற்றிலை மடிப்பதுபோல் நடித்துக்கூடக் காட்டுவேன். வகுப்பு சிரிக்கும், பிறகு விரல்களைச் சொன்னதும் அமைதியாகிவிடும். அருமையான உதாரணம் என்று எல்லாரும் பாராட்டினார்கள். கோர்ட்டில் ஒரு தடவை சொல்ல வாய் வராத உண்மையைப் பதினைந்து வருஷம் கரும்பலகை முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் வெட்கக்கேடு என்ன இருக்கிறது?

ஒரு தடவை அந்த வகுப்புக்கு, ஓய்வுபெற்றிருந்த கிருபாகரன் சாரை விருந்தினராக அழைத்திருந்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷத்தில் நான் காத்தாயி கதையை ஆரம்பித்துவிட்டேன். கொண்டை ஊசி என்று சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். நிறுத்தவும் முடியவில்லை, முடித்தேன். எல்லாரும் டீக்குப் போனதும் என்னிடம் வந்தார்.

"ஊசி தலையிலேருந்து விழுந்ததுன்னு எங்கிட்ட சொன்னீங்க, நடராஜன்."

"சார்..."

"அந்த ஆள் எத்தனை வருஷம் உள்ள இருந்தார்?"

"ரெண்டு வருஷம் சார்."

அவர் டீ சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு எட்டு வருஷம் உயிரோடு இருந்தார். என் பொங்கல் வாழ்த்து எதற்கும் பதில் போடவில்லை. அவர் சாவுக்குப் போய் வாசலோடு திரும்பினேன். அந்த உதாரணத்தை மட்டும் வகுப்பில் சொல்வதை விட்டுவிட்டேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான் போலிருக்கிறது.

நாலு வருஷத்துக்கு முன்னால் திருத்துறைப்பூண்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். திரும்பும்போது டிரைவரிடம் அந்த ஊர்ப் பக்கம் விடச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வழி முழுக்க வாக்கியங்களைச் சரிசெய்துகொண்டே போனேன். காத்தாயி வீடு எது என்று கேட்டதும், "மலர்க்கொடி டீச்சர் அம்மாவா?" என்று மாடி வீடு ஒன்றைக் காட்டினார்கள். பக்கிரி ஜெயிலிலிருந்து வந்த பிறகு பிறந்த மகள், அரசுப் பள்ளியில் தலைமையாசிரியை. பக்கிரி செத்துப் பத்து வருஷம் ஆகிவிட்டதாம்.

மலர்க்கொடி டீச்சர் கதவைத் திறந்தார். கேப்பு வெடித்த கேஸில் சென்னையிலிருந்து வந்தவன் என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குக் குழப்பமாக இருந்தது. உள்ளே திரும்பி, "அம்மா, யாரு வந்திருக்காங்க பாருங்க" என்றார்.

காத்தாயி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். என்னை உற்றுப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களே, அந்த ஐயாவா?"

"ஆமாம்மா."

"உக்காருங்கய்யா, உக்காருங்க. மலரு, இவருதான்டி. நான் சொல்லுவேன்ல. ஊரே திருட்டுப் பய, குண்டு வைக்கிற பயன்னு சொன்னப்ப, நான் சொன்னத நம்புனது இவரு ஒருத்தருதான். கோர்ட்டுலயும் வந்து நமக்காகப் பேசுனாரு. நான் வராந்தாவுலேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன், எவ்வளவு நேரம் பேசுனாரு! எல்லாம் இங்கிலீசு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க அவ்வளவு சொல்லியும் அந்த சட்ஜி கேக்கலியேய்யா. பணக்காரன் பக்கம்தான சாஞ்சாரு."

மலர்க்கொடி டீச்சர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்பா சாகுற வரைக்கும் உங்களைப் பத்திச் சொல்லுவாங்க சார். 'ஆபீசர்லயும் ஒரு நல்ல மனுசன் இருந்தான், அதுக்காகவாவது நீ படிக்கணும்'னு சொல்லித்தான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனாங்க."

வழி முழுக்கச் சரிசெய்த வாக்கியங்கள் என் வாயில் இருந்தன. காத்தாயி அந்த இரண்டு விரல் கையை என் தோளில் வைத்து, "அந்த சட்ஜி கேட்டிருந்தா அவரு வெளிய வந்திருப்பாரு, இல்லய்யா?" என்றார்.

"ஆமாம்மா, கேட்கலியே" என்றேன்.

கொண்டை ஊசி தலையிலிருந்து விழுந்தது என்று சொன்னது பொய். ஜட்ஜிடம் இல்லீங்க என்று சொன்னது பொய். மூன்றாவதாகச் சொன்ன இதுதான் எல்லாவற்றிலும் கேவலமானது. முதல் இரண்டைப் பயத்தில் சொன்னேன். இதைச் சொல்லும்போது எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. என்னை மிரட்ட ஊரில் ஒருவரும் மிச்சமில்லை. அந்த வீட்டில் இருபது நிமிஷம் நல்ல மனுஷனாக உட்கார்ந்திருந்துவிட்டு, அவர்கள் இருவரும் வாசல் வரை வந்து வழியனுப்பக் காரில் ஏறினேன்.

டெட்டனேட்டரைப் பற்றிய ஆபத்துகளை மேலே எழுதியிருக்கிறேன், புதிதாக வந்திருப்பவர்கள் மனப்பாடம் செய்துகொள்ளட்டும். மீதி அவர்களுக்காக எழுதியதல்ல. இது அச்சானதும் ஒரு பிரதியை ஒரு தலைமையாசிரியையின் பள்ளி முகவரிக்கு, அனுப்புவது நான்தான் என்று என் பெயரைப் போட்டே அனுப்பும்படி போன் செய்த பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மலர்க்கொடி டீச்சர், ஜட்ஜ் கேட்டார். நான்தான் சொல்லவில்லை. உங்கள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து நீங்கள் இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.